மூட்டை மை வைத்த வயிறு

அந்த அறையில் இருந்தவர்கள்: பெரிய டாக்டர். நர்சம்மா. என் வீட்டுக்காரி. அவள் தம்பி. மேசைமேல் என் மகள், வயது நான்கு. நான்.

டாக்டர் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். பிள்ளை வயிற்றில் மூன்று கறுப்பு வட்டங்கள்.

"என்னம்மா இது?"

"இந்த மனுசன் வேலை சார். மூட்டைக்குப் போடுற மை. எம்புட்டுத் தேச்சும் போக மாட்டேங்குது."

"மச்சானுக்குப் பிள்ளையும் மூட்டைதான் சார்," என்றான் மச்சினன்.

"சும்மா இரு மாப்ள," என்றேன்.

எனக்குச் சிம்மக்கல் பருப்பு மண்டியில் வேலை. மூட்டையை எண்ணி மை வைப்பது நான்தான். மகளுக்கு ஒரு வருடமாக வயிற்றுவலி, வாந்தி. பூச்சிமருந்து கொடுத்தோம். சோறு சிக்கியிருக்கிறது என்று திருவாதவூரில் தொக்கம் எடுத்தோம். தொக்கம் எடுக்கும் அம்மாள் வயிற்றிலிருந்து ஊதி எடுத்ததாக ஒவ்வொரு தடவையும் இலையில் ஒரு துணுக்கைக் காட்டினாள். நம்பினோம். வலி நிற்கவில்லை.

வலிக்கும்போது தடவினால் எலுமிச்சங்காய் அளவு ஓர் உருண்டை. டாக்டரிடம் காட்டப் போனால் அந்த இடத்தில் இருக்காது. எனக்கு விளக்கிச் சொல்ல வராது. அதனால் உருண்டை நின்ற இடத்தில் எல்லாம் மை வைத்தேன்.

"மூணும் வேற வேற உருண்டையா?"

"ஒண்ணுதான் சார். இடம் மாறுது."

டாக்டர் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து விரலால் தேடினார். அகப்பட்டது. மறுபக்கம் புரட்டினார். நழுவியது. அவர் முகம் மலர்ந்தது.

"பூச்சியும் இல்ல, சோறும் இல்ல. குடலோட இன்னொரு துண்டுக் குடல் ஒட்டிப் பிறந்திருக்கும்னு நினைக்கிறேன். அதுல தண்ணி கட்டி உப்புது. குடல் நகர்ந்தா அதுவும் நகருது. எடுத்துட்டாச் சரியாயிரும்."

அப்போது அங்கே ஸ்கேன் கிடையாது. வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓரிடத்தில் குடல் ஒதுங்கியிருந்தது. வயிற்றைத் திறந்தார்கள். அவர் சொன்னதேதான்.

வெட்டித் தைத்த குடல் ஓட ஆரம்பித்தால் காற்றுப் பிரியும், அதுவரை தண்ணீர்கூடக் கூடாது என்றார். மூன்று நாள் போனது. மகள் தண்ணீர் கேட்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் விடிந்ததும் கேட்பார்.

"போச்சாண்ணே?"

"இல்லண்ணே."

நான்காம் நாள் காலை டாக்டர் கட்டிலருகே நின்றபோது போனது. வார்டுக்கே கேட்டது. வீட்டுக்காரி அழுதுகொண்டே சிரித்தாள். நர்சம்மா தண்ணீர் எடுக்க ஓடினார். மகளுக்கும் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க இன்னும் போனது.

"லோடு எறங்குது மச்சான், எண்ணிக்கங்க," என்றான் மச்சினன்.

எண்ணினேன். ஐந்து.