முகூர்த்த நாளில் ஒரு பரீட்சை

போன ஞாயிறு பெருந்துறையில் கல்யாணம். என் ஆபீஸ் நண்பர் சண்முகம்தான் மாப்பிள்ளை. ஒன்பது மணிக்குத் தாலி கட்டியாயிற்று, பந்தியும் போட்டாயிற்று... மாப்பிள்ளையின் அக்காவை மட்டும் காணோம்.

"ஈரோட்டுக்குப் போயிருக்குதுங்க. பரீட்சையாமா" என்றார் பக்கத்து இலை அம்மாள். "கூடப் பொறந்தவன் தாலி கட்டறதப் பாக்காம அப்படியென்னங்க படிப்பு?"

அக்கா ருக்குமணிக்கு முப்பத்தாறு வயது. அப்பா போனதும் எட்டாவதோடு நிறுத்திவிட்டு நூல்மில்லுக்குப் போனவர். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி இன்ஜினீயரானார். இப்போது அக்கா திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவி. டி.சி. வேண்டாம், மார்க் ஷீட் வேண்டாம், எந்த வயதிலும் வரலாம் என்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்.

கஷ்டமும் இல்லாமல் இல்லை. புத்தகம் தபாலில் ஆடி அசைந்து வரும். மத்தியானம் டி.வி.யில் இலவசமாகப் பாடம் நடத்துகிறார்கள் – இங்கிலீஷில். சந்தேகம் கேட்டால் டி.வி. பதில் சொல்லுமா? நானும் ஒரு டிப்ளமோவில் சேர்ந்தவன்தான். முதல் பார்சலைப் பிரித்ததோடு சரி. ருக்குமணியோ ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்து டி.வி. முன் உட்கார்ந்து, புரியாத வார்த்தைகளை நோட்டில் எழுதி வைத்து, தம்பியை விடாமல் பிடித்துக் கேட்பாராம்.

கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தார்கள், மண்டபம் பார்த்தார்கள். பத்திரிகை கொடுத்து முடித்த பிறகு வந்தது பரீட்சை டைம்டேபிள். அதே ஞாயிறு, காலை பத்து மணி! விட்டால் இன்னும் ஒரு வருஷம்.

"உன் கல்யாணத்தை விடவா கண்ணு பரீட்சை?" என்று அக்கா ஹால்டிக்கெட்டை மடித்து வைத்துவிட்டார். தம்பி விடவில்லை.

ஆனால் இணைச்சீர் இருக்கிறதே... மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பக்கத்தில் நின்று செய்கிற சீர். அது ஆகாமல் தாலி கட்ட முடியாது. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் செய்வதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். சடங்குகளை நடத்தித் தரும் அருமைக்காரரிடம் போய் நின்றார் சண்முகம். அவர் வெற்றிலையை மென்றபடி யோசித்தாராம்.

"சீருக்கு அக்கா வேணுமுங்க. இத்தனை மணிக்குன்னு யாரும் எழுதி வெக்கலீங்களே. வெடியால ஆறு மணிக்குச் செஞ்சுபோடலாம்."

ஆறு மணிக்குச் சீர் முடிந்து, பட்டுச் சேலையோடு ஈரோடு பஸ் ஏறினார் அக்கா.

எனக்குக் கிளம்ப மனசு வரவில்லை. ஒன்றரை மணிக்கு அக்கா வந்தார். சேலை கசங்கி, விரலெல்லாம் இங்க். மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி வந்தார். நம் ஊரில் வந்தவரை முதலில் 'சாப்பிட்டீங்களா' என்றுதானே கேட்போம்? இவர் கேட்டது வேறு.

"எல்லாக் கேள்வியும் எழுதிட்டியாக்கா?"

"எழுதிப்போட்டேன் கண்ணு. ஒம்பது மணிக்கு பரீட்சை ஹால் வாசல்ல நின்னே உங்களை நெனச்சுக் கும்பிட்டுக்கிட்டேன்."

"தாலி கட்டறப்ப எனக்கு ஒண்ணும் ஆகலைக்கா. பத்து மணிக்குத்தான் கை நடுங்குச்சு."

கல்யாணப் பெண் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எப்படிப்பட்ட வீட்டுக்கு வந்திருக்கிறோம் என்று அவருக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.