கூரைக்குள் ஒரு கோடரி

டண்டினொங் தொழிற்சாலையில் கனகரத்தினத்தோடு வேலை செய்த ஹென்ட்ரிக், மேட்டில்தான் வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று வாங்கியவன். ஹாலந்தில் அவனுடைய கிராமம் கடல்மட்டத்துக்கும் கீழே, ஓர் அணையை நம்பிக் கிடந்த ஊர். முந்நூறு வருடத்தில் இரண்டு தரம் கடல் அதை விழுங்கியது. இரண்டு தரமும் சனம் திரும்பி வந்து வீடு கட்டியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில் மூன்றாம் தரம் விழுங்கியபோது, ஹென்ட்ரிக் கப்பலேறிவிட்டான்.

எழுபத்து நாலில் அவன் வீட்டு ஒழுக்கை அடைக்கக் கூரைக்குள் ஏறிய கனகரத்தினம், அங்கே ஒரு கோடரியைக் கண்டான்.

"இது என்னத்துக்கு இங்க?"

"வெள்ளம் ஏறினால் கூரையை உடைச்சு வெளிய வர."

"இந்த மேட்டிலயோ? உனக்கென்ன விசரா?"

கீழே ஏணியைப் பிடித்திருந்த ஹென்ட்ரிக் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அண்டைக்கு அம்மாவும் தங்கச்சிகளும் கூரைக்குள்ள ஏறிட்டினம். கோடரி கீழ கொட்டிலில கிடந்தது. விறகு கொத்திப்போட்டு அங்க வச்சது நான்தான்."