ஷட்டவுன் என்று நான் சொன்னது

"மெஷின் நிக்கலம்மா, நீதான் நிக்கிற" என்று அக்காவிடம் சூப்பர்வைசர் சொன்னபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நின்றது மெஷினா, ஆளா என்பதை ஒரு கம்ப்யூட்டர் எழுதி வைத்துவிட்டால் போதுமே.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி வார்க்கும் கம்பெனி எங்களுடையது. நான் பராமரிப்புப் பிரிவில் டிரெய்னி. படித்தது எலக்ட்ரானிக்ஸ், பெரும்பாலும் செய்வது ஸ்பேனர் துடைப்பது. நான் அக்கா என்று கூப்பிடுபவர் நான்காம் நம்பர் மெஷினின் ஆபரேட்டர். அவர் எடுக்கும் மூடிகளின் எண்ணிக்கை தினமும் குறைந்துகொண்டே வந்தது. மெஷின் தானாக நின்று நின்று ஓடுகிறது என்பார். யாராவது போய்ப் பார்த்தால் அந்த நேரம் ஒழுங்காக ஓடும். மாதக் கடைசிக்குள் சரியாகவில்லையென்றால் பேக்கிங்கில் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். எட்டு வருஷம் மெஷின் ஓட்டியவருக்கு, நாள் முழுக்கக் குனிந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டும் வேலை.

கல்லூரி புராஜெக்டுக்கு வாங்கிய, உள்ளங்கையில் அடங்கும் கம்ப்யூட்டர் போர்டு ஒன்று திருப்பாச்சூரில் எங்கள் வீட்டு அலமாரியில் சும்மா கிடந்தது. அதில் லினக்ஸ் ஏற்றி, மெஷின் கதவில் ஒரு காந்தத்தையும் சென்சாரையும் ஒட்டினால், வார்த்ததை எடுக்க ஆபரேட்டர் ஒவ்வொரு முறை கதவைத் திறந்து மூடும்போதும் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். இடைவெளி நீண்டால் மெஷின் நின்றிருக்கிறது. அப்போது கதவு மூடியே இருந்தால் அதில் ஆள் பிசகு ஒன்றுமில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன். மெஷின் வயரில் கை வைக்காத வரைக்கும் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை லினக்ஸை மொபைல் டேட்டாவில் இறக்கினேன். லேப்டாப்பில் மெமரி கார்டுக்கு எழுதி, போர்டில் செருகி, வீட்டு டிவியில் மாட்டினேன். அரை மணி நேரம் என்று சொல்லித்தான் அம்மாவிடம் டிவியை வாங்கினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடும், பாதியில் நிற்கும், மறுபடி முதலிலிருந்து ஓடும். இரண்டு மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, நான் போட்டிருந்த பழைய போன் சார்ஜரின் கரண்ட் அதற்குப் போதவில்லை. "சீரியல்ல கூட இவ்ளோ நேரம் அழமாட்டாங்க" என்றாள் அம்மா. சார்ஜரை மாற்றி, கார்டை அழித்துத் திரும்ப எழுதினேன். போர்டு எழுந்து ஓட ஆரம்பித்தது.

திங்கட்கிழமை போர்டை ஒரு சின்னப் பெட்டிக்குள் வைத்து மெஷினில் மாட்டினேன். பிளக் பாயின்ட் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் பேனலில் இருந்தது. அந்த மெஷின் ஒரே ஷிஃப்ட்தான் ஓடும், இரண்டு மணிக்கு முடியும். முடிந்ததும் என்ன செய்யவேண்டும் என்று அக்காவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பெட்டியின் ஓரத்தில் ஒரு சின்ன பட்டன் வைத்திருந்தேன், அதையும் காட்டினேன். "மறக்காம ஷட்டவுன் பண்ணிடுங்க அக்கா" என்றேன். பண்ணிடறேன் என்றார்.

செவ்வாய்க்கிழமை பெட்டி எழவில்லை. கார்டு கெட்டிருந்தது, திங்கட்கிழமைப் பதிவும் போயிற்று. பஸ்ஸில் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கார்டை மறுபடி எழுதினேன். பெரியபாளையத்தில் ஆடி மாதக் கூட்டம், மஞ்சள் சேலைகளுக்கு நடுவே பஸ் முக்கால் மணி நேரம் நின்றது. அதற்குள் எழுதி முடித்துவிட்டேன். புதன்கிழமை மாட்டினேன், வியாழக்கிழமை போயிற்று. கார்டு மட்டம் என்று வேறு கார்டு வாங்கினேன். அதுவும் போயிற்று. இரண்டு வாரத்தில் ஐந்து முறை லினக்ஸ் கேட்கும் அதே கேள்விகள், அதே பதில்கள்: எந்த நாடு, எந்த மொழி, பாஸ்வேர்டை இன்னொரு முறை. விரல் தானாக அடித்தது. எதற்கு அடிக்கிறோம் என்பதே மங்கிவிட்டது.

ஒருநாள் இரண்டு மணிக்கு அங்கேயே நின்று பார்த்தேன். அக்கா மெஷினை நிறுத்தினார், கையுறையைக் கழற்றினார், பேனலுக்குப் போய் மெயின் கைப்பிடியைக் கீழே இறக்கினார். பட்டன் பக்கம் திரும்பவே இல்லை.

"அக்கா, இன்னா பண்றீங்க?"

"நீதானம்மா ஷட்டவுன் பண்ண சொன்ன? முன்னல்லாம் மெஷின் சுச்ச மட்டும்தான் ஆஃப் பண்ணுவேன். நீ சொன்னதுல இருந்து டெய்லி பின்னால போய் மெயினயே எறக்கிக்கினு இருக்கேன்."

"அப்போ அந்த பட்டன்?"

"அது ஷட்டவுன் ஆன அப்புறம் அமுக்கறதுன்னு நெனச்சேன். அமுக்குனா ஒண்ணும் ஆவல, அதான் உட்டுட்டேன்."

கரண்ட் ஆபீஸ் ஷட்டவுன் என்றால் ஊருக்கே கரண்ட் கிடையாது. கம்பெனி ஷட்டவுன் என்றால் மெயின் இறங்கும். எனக்குத்தான் அந்தச் சொல்லுக்குக் காலேஜில் வேறு அர்த்தம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பட்டனை அமுக்கி, கம்ப்யூட்டர் எழுதுவதை முடித்துத் தானே அணைய விடுவது. கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்டைப் பிடுங்கியது ஒருவிதத்தில் நான்தான். கோபப்படவும் தெம்பில்லாமல் பேனலில் சாய்ந்துகொண்டேன். மாதம் முடிய மூன்று நாள்தான் இருந்தது, கையில் ஒரு வரி பதிவு இல்லை; இனிமேல் எழுதினாலும் மூன்று நாள் பதிவைச் சூப்பர்வைசர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒன்றாம் தேதி அக்காவைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள்.

சாப்பாட்டு நேரத்தில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் பல்லால் டேப்பைக் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார். இடுப்பு விட்டுப்போகிறது என்றார். வீட்டுக்குப் போனால் குனிந்து கோலம்கூடப் போட முடியவில்லையாம். மெஷினில் மாட்டிய எல்லாவற்றையும் கழற்றி எடுத்துப் போய்விடுவதாகச் சொன்னேன்.

"ஏன் கழட்டற? இப்ப அந்த மெஷின யாரு ஓட்றது?"

சொன்னேன். சூப்பர்வைசர் எப்போதும் மெச்சும் ஆபரேட்டர்தான்.

"அவரு ஓட்னாலும் அந்த மெஷின் நிக்கும்மா. அத உன் பொட்டில புடி. நான் இருந்தப்ப நீ எழுதியிருந்தாலும், சிநேகிதத்துல எழுதிட்டான்னுதான் பேசுவாங்க."

இதை நான் யோசித்திருக்கவில்லை. அடுத்த பெட்டியை எடுத்து என் பக்கம் தள்ளி, மடிப்பைப் பிடிக்கச் சொன்னார். மணி அடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தேன்.

இந்த ஞாயிறு மறுபடி ஏற்றப்போகிறேன். லினக்ஸ் இருக்கும் கார்டைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி பூட்டிவிட்டு, பதிவுகளைத் தனியாக ஒரு பென்டிரைவில் வரி வரியாக எழுத வைக்க வேண்டும். அப்புறம் யார் எப்போது மெயினை இறக்கினாலும் போவது கடைசி வரி மட்டும்தான். அப்படித்தான் படித்திருக்கிறேன். நம்புவதற்கு முன்னால், வீட்டு மேசையில் வைத்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே இருபது முறை பிளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். இருபது முறையும் எழுந்தால், திங்கட்கிழமை நான்காம் நம்பருக்கு எடுத்துப் போவேன்.