உப்பளத்து ஆள் சொன்ன கல்

அன்றைக்கு எனக்கு இரட்டை ஷிப்ட். மதியம் வரவேண்டிய நர்ஸ் காய்ச்சல் என்று போன் செய்துவிட்டாள். இராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் பத்துப் படுக்கை கொண்ட சின்ன ஆஸ்பத்திரி எங்களுடையது. அக்காள்மடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறேன். பதினெட்டு வருஷமாகிறது. கால்வலி வருகிறது, போகிறது என்றெல்லாம் இப்போது சொல்ல முடியாது. அது இருந்துகொண்டே இருக்கிறது.

டாக்டர் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில் ஒரு வேன் டிரைவர், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்தார்.

"வாலிநோக்கம் உப்பளத்துல வேலை பாக்குற வடநாட்டு ஆளு சிஸ்டர். வயித்துவலியாம்."

"எத்தன நாளா?"

"அவன் பேசுறது எனக்குப் புரியாது, நான் பேசுறது அவனுக்குப் புரியாது. சூப்பர்வைசர் சாயந்தரம் வாராரு, அவர்கிட்ட கேளுங்க." சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாக்கை நீட்டச் சொன்னேன். அந்த ஆள் மூக்கைத் தொட்டுக் காட்டினான். "நாக்கு, நாக்கு" என்று குரலை உயர்த்தினேன். மறுபடியும் மூக்கையே பிடித்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. என் நாக்கை நீட்டிக் காட்டிய பிறகுதான் நீட்டினான். வெள்ளை படிந்து காய்ந்திருந்தது. உடம்பு லேசாகச் சுட்டது. வெயிலில் வந்த சூடு என்று எடுத்துக்கொண்டேன்.

எங்கே வலிக்கிறது என்று சைகையில் கேட்டேன். வலது பக்க அடிவயிற்றில் கையை வைத்து, "கல் சே... கல்..." என்றான்.

உப்பள வேலைக்காரர்கள் கல்லடைப்போடு எங்களிடம் வருவது புதிதல்ல. வெயிலில் நின்று தண்ணீர் போதாமல் வருகிற நோய். இங்கே வந்து வலியோடு அதன் பெயரையும் கற்றுக்கொண்டுவிட்டான் போல என்று நினைத்தேன். 'ஏற்கெனவே கல் இருப்பதாகச் சொல்கிறார்' என்று சீட்டில் எழுதினேன். டாக்டர் நின்றபடியே அதைப் படித்தார். வலிக்கு ஊசி போடவும், டிரிப் ஏற்றவும், காலையில் ஸ்கேன் எடுக்கவும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த படுக்கையில் இருந்தவர் இராமேஸ்வரத்து மீனவர், சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப்போட வந்து தங்கியிருந்தார். துணைக்கு அவர் மனைவி. கோயிலுக்கு வரும் வடநாட்டு யாத்திரிகர்களிடம் சங்கும் பாசிமணியும் விற்கிறவர். ஊசி போட்டு அரை மணி நேரம் ஆகியும் வலி அடங்காமல் அந்த ஆள் அதையே முனகிக்கொண்டிருந்தான். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், இவருக்கு என்ன?"

"கல்லு. அவரே சொல்றாரே, கேக்கலயா?"

"அது நம்ம கல்லு இல்ல சிஸ்டர். கல்லுன்னா அவுக பாஷையில நேத்து. நாளைக்கிங்குறதுக்கும் அதே வார்த்தைதான். எங்கிட்ட பேரம் பேசிப்பிட்டு, கல் ஆயேங்கேன்னு போவாக. நாளைக்கு வாரோம்னு அர்த்தம். ஒருத்தரும் வரமாட்டாக."

"அப்ப இவரு எதச் சொல்றாரு?"

"கல் சேங்குறாரே, நேத்துல இருந்து வலிக்குதாம்."

அந்த அம்மாவையே அவனிடம் கேட்கச் சொன்னேன். சங்கு விற்கிற இந்தியில் அவர் கேட்க, அந்த ஆள் தலையைத் தூக்கிப் பார்த்தான். காலையிலிருந்து முதல்முறையாக ஒருவர் பேசுவது அவனுக்குப் புரிந்திருக்கிறது. கண் கலங்கிவிட்டது. நேற்றுத் தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி, இன்று காலை வலது பக்கம் இறங்கியது. இரண்டு முறை வாந்தி. கல் என்று இதுவரை எந்த டாக்டரும் சொன்னதில்லை. நாக் என்றால் மூக்கு என்பதையும் அந்த அம்மாதான் சொன்னார்.

டாக்டருக்குப் போன் செய்தேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்தார். வயிற்றை அழுத்திக் கையை எடுத்ததும் அந்த ஆள் அலறினான். குடல்வால் அழற்சி. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அன்று சாயங்காலமே ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். வெடிக்கிற நிலையில் இருந்ததாம்.

"நல்ல வேளை, கண்டுபிடிச்சீங்க" என்றார் டாக்டர். சீட்டில் இருந்தது என் கையெழுத்து. கண்டுபிடித்தவர், கணவருக்கு ஆரஞ்சு உரித்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்ததும் அவனைப் பார்க்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். மன்னிப்புக் கேட்க அவன் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது. தமிழில்தான் கேட்டேன். அவன் சிரித்து, பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினான். உட்கார்ந்தேன். அவ்வளவு அலுப்பு, அங்கேயே சுவரில் சாய்ந்து சற்றுக் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது அவனும் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரம் கழித்து டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "ஸார், கல்லுன்னு தப்பா எழுதுனது நான்தான்."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நானும் கை வச்சுப் பாக்காம அதை நம்பித்தானே போனேன்" என்றார். நான் அடுத்த ஆளைக் கூப்பிடப் போனேன். வெளியே பதினாலு பேர் காத்திருந்தார்கள்.