சாலோமி வீட்டுப் பெட்டைக்கோழி கூவுகிறது

தச்சநல்லூரில் இட்லிக்கடை வைத்திருக்கும் சாலோமி அக்கா தூங்குவதைச் சூரியன் ஒருநாளும் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் எழுந்து, நாலு ஈடு இட்லி இறக்கிய பிறகுதான் அது வருகிறது. அவள் கணவர் பாக்கியசீலன் அண்ணாச்சியும் கடைக்காக உழைக்கிறார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒற்றை ஆளாகப் படிக்கிறார்.

கிறிஸ்துமஸுக்கு வீட்டுச் சேவலைக் குழம்பு வைத்தார்கள். பத்து நாளில் அதன் வேலையைக் கறுப்பி என்கிற பெட்டைக்கோழி எடுத்துக்கொண்டது. முட்டையை நிறுத்தியது. இரை கண்டால் மற்ற கோழிகளைக் கூப்பிட்டுக் கொடுத்தது. விடியற்காலையில் சுவரில் ஏறிக் கூவியது. அந்தச் சத்தத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டைத் தொட்டில் பிள்ளைகளெல்லாம் எழுந்து அழுததாகக் கேள்வி.

"ஏளா சாலோமி, பொட்டக்கோழி கூவுனா வீட்டு ஆம்பளைக்கு ஆவாதுளா. அறுத்துப் போடு" என்றாள் பக்கத்து வீட்டு இசக்கியம்மா.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்கக்கா, இதெல்லாம் பாக்க மாட்டோம்."

மறுநாளே அண்ணாச்சி குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்தார். போனது ஒரு நகம். போட்ட சத்தம் ரெண்டு காலுக்கானது.

"ஞாயித்துக்கெழம கறுப்பி கொழம்புட்டி!" என்றார்.

"சேவல் இல்லாமத்தாங்க அது கூவுது. ஒண்ணு கொண்டாங்க, அடங்கிரும். அடங்கலன்னா அறுங்க."

புதன்கிழமை அண்ணாச்சி சீவலப்பேரி போய், ஒரு சேவலைப் பையில் போட்டு டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தார். கொண்டை மட்டும் கால் கிலோ இருக்கும். இறக்கிவிட்ட அஞ்சாவது நிமிஷம் கறுப்பி அதை முருங்கை மரத்தில் ஏற்றிவிட்டது. அப்புறம் சேவல் தின்ன மட்டும்தான் இறங்கியது. கூவியது கறுப்பிதான்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் அண்ணாச்சி கத்தியைத் தீட்டினார். இசக்கியம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். சாலோமி அக்கா மசாலாவை அரைத்து வழித்து வைத்துவிட்டு, தின்ன இறங்கிய சேவலைப் பிடித்துக் கணவரிடம் நீட்டினாள்.

"ஏட்டி, இது சேவல்லா! அடங்கலன்னா கறுப்பிய அறுன்னு நீதான சொன்ன?"

"சொன்னேன். நாலு நாளா பாத்துட்டுல்லா மாத்திச் சொல்லுதேன். அது விடியுமுன்ன எந்திரிக்கி, மத்ததுக்கு எர தேடிக் குடுக்கு. இது தின்னுட்டு சும்மா ஒக்காந்திருக்கு. வேல பாக்குதத அறுத்துட்டு, ஒக்காந்து திங்குதத வச்சு சோறு போடவா?"

இசக்கியம்மாவின் தலை சுவருக்குப் பின்னால் இறங்கியது. சிரிப்பு மட்டும் கேட்டது.

அண்ணாச்சி சேவலை அறுத்தார். யாரும் சொல்லாமலே உட்கார்ந்து வெங்காயமும் உரித்தார்.