திருப்பி அனுப்பிய பெட்டி

திருவனந்தபுரத்தில் குளிர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து வரும் என் மைத்துனன் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "இங்கே எங்கே இருக்கு குளிர்?" என்று தன் அக்காவைக் கேட்பான். அவனுடைய முழங்கால்கள் நன்றாக இருந்தன, கேட்டான்.

என் மனைவிக்கு ஆமவாதம், மூட்டுக்கு மூட்டு வீக்கமும் வலியும். வேலையில் இருந்த காலமெல்லாம் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தாள். இயந்திரங்களுக்குக் குளிர் வேண்டும் என்று ஏசியை அணைக்கவே மாட்டார்கள். அதனால்தான் இந்த வியாதி வந்தது என்பது அவள் கட்சி. குளிர் வலியைக் கூட்டும், வியாதியைக் கொண்டுவராது என்றார் டாக்டர். எதுவானால் என்ன, வலி அவளுக்குத்தானே.

ஆடி மாதத்துக்கு இங்கே கர்க்கடகம் என்று பெயர். அந்த மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வீடு அவள் மூட்டுகளைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கும். மின்விசிறி சுற்றக்கூடாது. காலையில் அவள் விரல்கள் மடங்காது. காபி டம்ளரை நான்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். முழங்காலில் தைலம் தேய்த்து, வெந்நீர்ப் பையை வைத்துக் கட்டினால் பத்து மணிக்கு மேல் எழுந்து நிற்பாள். கனடாவில் இருக்கும் எங்கள் ஒரே மகள் ஆசையாகப் பணம் அனுப்பி, பழைய தரையைப் பெயர்த்துவிட்டுப் பளபளவென்று டைல்ஸ் போடவைத்தாள். மழைக்காலத்தில் அது பனிக்கட்டி. மகள் மனசு கஷ்டப்படும் என்று அவளிடம் சொல்லாமல், இவள் கம்பளிக் காலுறை வாங்கி மாட்டிக்கொண்டாள். இந்தக் கோட்டைப் பகுதியிலேயே கம்பளி போட்டுக்கொண்டு சாம்பார் வைக்கிற ஒரே பொம்மனாட்டி நீதான் என்று கேலி செய்வேன்.

மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டும் இவள் கனடாவுக்குப் போகவே இல்லை. அந்தக் குளிரை நினைத்தாலே அவளுக்கு முட்டி வலித்தது. குழந்தை, வேலை என்று மகளாலும் நினைத்தபோது வரமுடியவில்லை. கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்துச் சில வருஷங்கள் ஆகிவிட்டன.

எதிர்வீட்டுக்காரர் இறந்தபோது துக்கம் கேட்கப் போனோம். எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பிள்ளைகள் வெளிநாட்டில். யாராவது போய்விட்டால் முதலில் வருவது ஃப்ரீசர் பெட்டிதான். துபாயிலிருந்து மகன் வருவதற்காக அவரும் அதற்குள் காத்துக்கொண்டிருந்தார். என் மனைவி பெட்டியின் கண்ணாடியைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது சொன்னாள்:

"ஏன்னா, என்னை அந்தப் பெட்டியில வெச்சுடாதீங்கோ."

"செத்தப்புறம் முட்டி வலிக்குமாடி?"

"வலிக்காதுன்னு உங்ககிட்ட யார் வந்து சொன்னா?"

சிரித்துக்கொண்டே சரி என்றேன். அவள் சிரிக்கவில்லை. அதனால் இன்னொரு முறை, சிரிக்காமல், சரி என்றேன்.

அதற்கு அடுத்த கர்க்கடகத்தில், ஒரு காலை, நான் வெந்நீர்ப் பையை நிரப்பிக்கொண்டு வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டாள். பை என் கையில் சூடாக இருந்தது. அதை அவள் முழங்காலில் வைத்துவிட்டுத்தான் மகளுக்கு ஃபோன் செய்தேன்.

அழுது முடித்து மகள் கேட்டது ஒன்றே ஒன்று. "நான் வர வரைக்கும் அம்மாவை வெச்சிருங்கோப்பா. ஒரு தடவை முகத்தைப் பாத்தா போரும்."

நான் அவள் அம்மா கேட்டதைச் சொன்னேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அதற்குள் மைத்துனன் யாரையோ பிடித்துப் பெட்டிக்கு ஏற்பாடு செய்துவிட்டான். மழையில் வண்டி வாசலில் வந்து நின்றது. திருப்பி அனுப்பச் சொன்னேன். பெற்ற பெண் பார்க்க வேண்டாமா, உங்களுக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று கத்தினான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் நாற்பது வருஷமாக அந்த முட்டிகளைத் தெரிந்தவன் நான். வண்டி திரும்பிப் போகும்வரை வாசலைவிட்டு நகரவில்லை. குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்தபோது, அடுப்பை மூட்டி வெந்நீர் போடச் சொன்னேன். காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார் என்னை நிமிர்ந்து பார்த்தார். கை பொறுக்கிற சூடுதானா என்று நானே கையை விட்டுப் பார்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. மகள் அதை ஏதோ ஒரு விமான நிலையத்தில் நின்றுகொண்டு ஃபோனில் பார்த்தாளாம்.

வந்தவள் என் தோளில் சாய்ந்து அழவில்லை. அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலைத் தரையில் வைத்தாள். வைத்ததும் தூக்கிக்கொண்டாள். நாற்காலிக்கு அடியில் கிடந்த காலுறையைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது.

"அம்மாவுக்குக் குளிர்ந்திருக்காதுப்பா," என்றாள். "நான்தான் உசிரோட இருக்கேன்."

இன்றைக்குக் கேட்டாலும் பெட்டியைத் திருப்பித்தான் அனுப்புவேன். மகளுக்குச் செய்தது அநியாயம் என்பதும் எனக்குத் தெரியும்.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து அவள் கிளம்பும்போது, கார் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "எனக்கு ஏதாவது ஆனா பெட்டியில வெச்சிருக்கச் சொல்லும்மா. நீ மெதுவா வா. எனக்குக் குளிரெல்லாம் ஒண்ணும் பண்ணாது."

வந்ததிலிருந்து முதல் தடவையாக என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரிப்பா என்றாள்.

இப்போது மறுபடியும் கர்க்கடகம். நாலு நாளாக விடாத மழை. ஒரு வாரமாகக் காலையில் எழுந்தால் வலது முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு, அவளுடைய காலுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்த மகள், எப்படியிருக்கேப்பா என்று கேட்டாள். காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டு, எனக்கென்ன, நன்னா இருக்கேன் என்றேன்.