மடக்குக்கு வைத்த சந்தனம்

பெரியப்பாவிடம் ஒரு ஜெர்மன் கைத்துப்பாக்கி இருந்தது என்றால் போதும், புலி சுட்டாரா, பன்றி சுட்டாரா என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நாய் சுட்டார். எருமப்பட்டிப் பக்கம் எந்த ஊரில் நாய்க்கு வெறி பிடித்தாலும் எங்கள் வாசலில்தான் ஆள் வந்து நிற்கும்.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த துரை ஒருத்தர் சீமைக்குத் திரும்பும்போது பெரியப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அது. கைப்பிடியோடு ஒட்டி ஒரு இரும்புக் கட்டை மடங்கிக் கிடக்கும். விரித்தால் தோளில் முட்டுக்கொடுத்துப் பெரிய துப்பாக்கி மாதிரி பிடிக்கலாம். லைசென்சு புதுப்பிக்கச் சேலத்துக்குக் கொண்டுபோனால் குமாஸ்தாக்கள் கூடிநின்று அதை விரித்தும் மடக்கியும் பார்ப்பார்களாம். பெரியப்பாவுக்குக் கை நடுக்கம். கட்டையைத் தோளில் கொடுக்காமல் குறி நிற்காது.

“ஏனுங்க, நாயொண்ணு எச்சி ஒழுக நிக்குதுங்க. கொளந்தைங்க ஊட்ட உட்டு வெளிய வர முடியலீங்க” என்பார்கள். பெரியப்பா பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு போவார். திரும்பி வந்தால் தலைக்குத் தண்ணீர் வார்த்துக்கொண்டு படுத்துவிடுவார். “நல்ல பேரு வாங்குனீங்க போங்க” என்று பெரியம்மா முணுமுணுப்பாள்.

ஆயுத பூசைக்கு ஏர், மண்வெட்டி, அரிவாளோடு துப்பாக்கியையும் பலகையில் வைப்போம். சந்தனம் வைப்பது என் வேலை. எனக்கு எட்டு வயசிருக்கும். பொட்டு வைக்கச் சொன்னால் அப்பி வைப்பேன். மறுநாள் பெரியப்பா விளக்கெண்ணெய் விட்டு, கட்டையின் மடக்கைத் திறந்து மூடித் திறந்து மூடித் துப்புரவாகத் துடைப்பார். அந்த வருசமும் துடைத்தார். எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான்தான்.

அந்தக் கார்த்திகையில் எங்கள் வீட்டுச் செவலைக்கே வெறி வந்தது. பெரியப்பா காட்டுக்குப் போனால் வரப்பில் முன்னால் ஓடும் நாய் அது. தண்ணீரைக் கண்டால் நடுங்கியது. வண்டிக்கொட்டாயில் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். முளையைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். பெரியப்பா துப்பாக்கியோடு வந்து நின்று கட்டையை இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார். செவலை அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

“சந்தனம் காஞ்சு இறுகிப் போச்சு. தெறக்க மாட்டேங்குது” என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பெரியம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். “அப்பாத புள்ளன்னு எத்தன தரஞ் சொன்னேன், கேட்டியா?” பெரியப்பா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

பண்ணையாட்கள் தடிகளை எடுத்துக்கொண்டு கொட்டாய்க்குள் போனார்கள். வெகுநேரம் ஆயிற்று. சுட்டிருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். என்னால்தான் என் செவலை அப்படிச் சாகிறது என்று தேம்பித் தேம்பி அழுதேன். பெரியப்பா கிணற்று மேட்டில் துண்டால் காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துப்பாக்கி அடைத்துக்கொண்டதாம் என்று அக்கம்பக்கத்து ஊரெல்லாம் பேச்சாகி, வாசலுக்கு ஆள் வருவது நின்றுபோனது. பெரியப்பா முழுச் சோறும் சாப்பிட்டு எழுந்தார்.

அடுத்த ஆயுத பூசைக்கு நான் சந்தனத்தைத் தொடவே இல்லை. பெரியப்பாதான் கூப்பிட்டார். “வா சாமி, நீயே வெய்யி. அந்த மடக்குலயும் நல்லா அப்பி வெய்யி” என்றார். பயந்து பயந்து வைத்தேன். மறுநாள் அவர் துடைக்க எடுக்கவில்லை. மறந்துவிட்டாராக்கும் என்று நானே விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு போய் நின்றேன்.

“இருக்கட்டுஞ் சாமி” என்றார்.

வயசானால் பெரியவர்களுக்கும் சோம்பல் வந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டு, கிண்ணத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.